எம்ஒய்பிபிசி3 மரபணுவும் இதயத்தசைத் தடிப்பு நோயும்: திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இதயத்தசையின் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் புரதம் ஒன்றை உருவாக்குவது எம்ஒய்பிபிசி3 என்னும் மரபணு. இதில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசிய மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் காணப்படுகிறது. 2009-இல் நோய்க் காரணியாக அறியப்பட்ட இவ்விடுபாடு 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பின் வேறுவிதமாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அம்மாற்றத்தையும், திருச்சுழி போன்ற வறண்ட வட்டாரத்தில் அதன் பொருளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எம்ஒய்பிபிசி3, இதயத்தசைத் தடிப்பு, மரபணு விடுபாடு, உறவுமுறைத் திருமணம், திருச்சுழி

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழியும் அதற்கு மேற்கே உள்ள அருப்புக்கோட்டையும் மானாவாரி நிலப்பகுதிகள். மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது இங்குப் பலருக்கு வாழ்வாதாரம். கோடையில் மூட்டத்தருகே வேலை செய்பவர் மயங்கி விழுந்தால் ‘வெயில் மயக்கம்’ என்பர். நடுவயதை எட்டாத ஒருவர் திடீரென இறந்தால் ‘மாரடைப்பு’ என்பர். பெரும்பாலான நேர்வுகளில் அவை சரியாகவே இருக்கக்கூடும். ஆயினும் இவ்விரு சொற்களுக்குள்ளும் வேறொரு நோய் மறைந்திருக்க இடமுண்டு.

மாரடைப்பு என்பது இதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் நாளம் அடைபடுவதால் நேர்வது. இதயத்தசைத் தடிப்பு நோயில் நாளங்களில் அடைப்பு இருக்க வேண்டியதில்லை. தசையே காரணமின்றித் தடிக்கிறது. உலக அளவில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளதாகக் கணிக்கப்பட்டுள்ளது. இது குடும்பவழி வருவது. இந்நோயில் மிகுதியாகப் பிறழ்வு காணப்படும் மரபணுக்களுள் முதன்மையானது எம்ஒய்பிபிசி3.

மரபணுவும் புரதமும்

மனிதனின் 11-ஆம் குரோமோசோமின் குறுங்கையில் இம்மரபணு அமைந்துள்ளது. இது உருவாக்கும் ‘மயோசின் பிணைப்புப் புரதம்-சி’ 1,274 அமினோ அமிலங்களால் ஆனது. தசை இழைகளில் இத்தகைய புரதம் இருப்பது 1973-இல் கண்டறியப்பட்டது. இதயத்திற்குரிய வடிவத்தின் பிறழ்வுகள் நோயுடன் தொடர்புடையவை என்பது 1995-இல் உறுதிப்பட்டது.

இதயத்தசைச் செல்லில் மயோசினாலான தடித்த இழைகளும் ஆக்டினாலான மெல்லிய இழைகளும் ஒன்றினிடையே ஒன்று நழுவுவதாலேயே இதயம் சுருங்குகிறது. மயோசின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. எத்தனை தலைகள் எந்த நேரத்தில் பற்ற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவதில் இப்புரதத்திற்குப் பெரும்பங்கு உண்டு. இதன் ஒரு முனை தடித்த இழையில் ஊன்றி நிற்கிறது. மறுமுனை மயோசின் தலைகளையும் மெல்லிய இழையையும் தொட்டுச் செயல்படுகிறது. ஓடும்போதோ அஞ்சும்போதோ அட்ரினலின் சுரக்க, அம்முனைப் பகுதியில் பாஸ்பேட் சேர்கிறது. பிடி தளர்ந்து இதயம் விரைவாகச் சுருங்கி விரைவாகத் தளர்கிறது. இப்புரதம் குறைந்தாலோ சிதைந்தாலோ மயோசின் தலைகள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. தசை தடித்து விறைக்கிறது. இயந்திரத்திற்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போன்றது இது எனலாம்; உவமை முழுமையானதன்று.

25 எழுத்துகளின் கதை

2003-இல் இந்தியக் குடும்பங்கள் சிலவற்றை ஆராய்ந்தபோது இம்மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெரியவந்தது. இதன் பரவலை வெளிக்கொணர்ந்தது ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் 2009-இல் வெளிவந்த கட்டுரை. அதன் முதலாசிரியர் பெருந்துறை எஸ். தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட பலர் அதில் இணைந்தனர். ஆக, திருச்சுழிக்கு வடக்கே ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள மதுரை இக்கண்டுபிடிப்பின் களங்களுள் ஒன்று.

விடுபாடு இருப்பது 32-ஆம் இன்ட்ரானில். இன்ட்ரான் என்பது புரதமாக மாறாமல் வெட்டி நீக்கப்படும் பகுதி. அதில் எழுத்துகள் குறைந்தால் தீங்கென்ன என்ற ஐயம் எழலாம். வெட்டி ஒட்டும் வேலை நடைபெறுவதற்குரிய அடையாளக் குறி அங்கேதான் உள்ளது. குறி மறைந்தால் அடுத்துள்ள 33-ஆம் எக்சானும் சேர்த்து நீக்கப்படக்கூடும். புரதத்தின் ஊன்றும் முனை உருமாறுகிறது. இவ்விடுபாடு உள்ளவர்க்கு இதயத்தசை நோய்க்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 7 என்று அக்கட்டுரை கணித்தது. இந்தியத் துணைக்கண்ட மக்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இது இருப்பதும் அதில் வெளியானது. நூறு பேர் கூடும் ஒரு காதணி விழாவில் நால்வர். தீங்கு விளைக்கும் ஒன்று இவ்வளவு பரவலாக எவ்வாறு நிலைத்தது? நோய் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக்கு உரிய வயதைக் கடந்த பின்னரே தலைகாட்டுவதால் இயற்கைத் தேர்வு அதனைக் களையவில்லை என்பது ஆய்வாளர் தந்த விடை.

இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நூற்றில் நால்வரிடம் உள்ள மாற்றம் கடுமையான நோயைத் தனித்து விளைவிக்குமாயின் நோயாளிகளின் எண்ணிக்கை நாம் காண்பதைவிடப் பன்மடங்கு இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் தெற்காசிய வழியினரை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த கட்டுரை இதற்கு ஒரு திறவுகோலைத் தந்தது. விடுபாடு உள்ளவருள் சுமார் பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் மற்றொரு மாற்றமும் உடனிருந்தது. 389-ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின். இவ்விரண்டும் சேர்ந்தவர்களின் இதயமே இயல்புக்கு மீறிய விசையுடன் சுருங்கியது. 2020-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வெகுதொலைவில் வேறோர் இன்ட்ரானில் உள்ள ஒற்றை எழுத்து மாற்றத்தைச் சுட்டியது. விடுபாட்டுடன் ஒரே இழையில் சேர்ந்து வரும் அம்மாற்றமே தடிப்பு நோயின் கூடுதல் வாய்ப்புக்குப் பெரும்பாலும் காரணம் என்றும், விடுபாடு மட்டும் உள்ளவர்க்கு அவ்வாய்ப்புக் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்றும் அது வாதிட்டது. முதிய வயதில் இதயம் செயலிழப்பதில் விடுபாட்டின் பங்கு குறித்த விவாதம் இன்னும் முடியவில்லை. எனினும் 2009-ஆம் ஆண்டின் முடிவை மட்டும் படித்துவிட்டு 4 விழுக்காட்டினரை நோயாளிகள் என எழுதும் வழக்கம், தமிழ் அறிவியல் எழுத்துகள் உட்பட, கைவிடப்பட வேண்டியது. ‘கடத்தி’ என்னும் கலைச்சொல்லும் தொற்றுநோயை நினைவூட்டி அச்சம் விளைக்கிறது. ‘மாற்றம் உடையவர்’ என்பதே போதுமானது.

உறவுமுறைத் திருமணமும் கணக்கும்

தென்மாவட்டங்களில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நெடுநாள் வழக்கு. ஒருவர் இம்மாற்றத்தை ஒரு படியாக உடையவர் எனக் கொள்வோம். உறவல்லாத ஒருவரை மணந்தால் அவரும் மாற்றம் உடையவராயிருக்க வாய்ப்பு 25-இல் ஒன்று. மாமன் மகளாயின் உறவின் வழியே மட்டும் 8-இல் ஒன்று. அக்காள் மகளாயின் 4-இல் ஒன்று. இருவரும் உடையவராயின் ஒவ்வொரு குழந்தைக்கும் இரு படிகளும் சேரும் வாய்ப்பு 4-இல் ஒன்று. எனவே அக்காள் மகளை மணந்தவரின் குழந்தைக்கு அது 16-இல் ஒன்றாகிறது. உறவல்லாதோரிடம் 100-இல் ஒன்று. 2018, 2020 ஆய்வுகள் சுட்டிய மாற்றங்கள் அரியவை. ஆனால் ஒரு குடும்பத்திற்குள் நுழைந்துவிட்டால் அவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

வெயிலும் நீரிழப்பும்

தடிப்பு நோயருள் பலருக்கு இடது கீழறையிலிருந்து குருதி வெளியேறும் வழி குறுகியிருக்கும். வியர்வையால் உடல்நீர் குறையும்போது அறைக்குள் வரும் குருதியும் குறைகிறது. அறை சுருங்க, வழி மேலும் குறுகுகிறது. மூளைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டு மயக்கம் நேர்கிறது. கரிமூட்டத்தருகே நேரும் மயக்கமும் இவ்வகையினதாக இருக்கக்கூடும். வேலையின் நடுவிலோ அது முடிந்த உடனேயோ மயங்கியவரிடம், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா என்று கேட்பதற்குச் செலவில்லை. உண்டு என்றால் இதய மின்வரைபடமும் எக்கோவும் எடுக்க வேண்டும். வேறு காரணமின்றி இதயச் சுவர் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்திருப்பின் நோய் எனக் கொள்வர்; நோயரின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரிடம் 13 மில்லிமீட்டரே கருதத்தக்கது. மரபணுச் சோதனை அதற்குப் பின்னரே. அதிலும் 25 எழுத்து விடுபாட்டை மட்டும் தேடும் சோதனையால் பயன் குறைவு. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருவதால், எல்லாவற்றுக்கும் மதுரையையே நம்பியிருந்த திருச்சுழி மக்களுக்கு மாவட்டத்திற்குள்ளேயே ஒரு வாயில் திறந்துள்ளது.