அனுமதிக்கப்பட்ட மேம்பாடு (இங்கிலாந்து)

அனுமதிக்கப்பட்ட மேம்பாடு என்பது, இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளர் ஒருவர் உள்ளூராட்சி மன்றத்திடம் முழுமையான திட்டமிடல் அனுமதி கோராமலேயே செய்யக்கூடிய கட்டுமானப் பணிகளைக் குறிக்கும். இப்பணிகள் அனுமதியற்றவை அல்ல. இவற்றுக்கான பொது அனுமதியை 2015 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அரசாணை ஒன்று வழங்குகிறது. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உள்ளன.

மூல வீடு

விரிவாக்கத்தின் முக்கிய அளவுகள், வீடு இப்போது உள்ள நிலையிலிருந்து அல்லாமல் "மூல வீட்டிலிருந்து" கணக்கிடப்படுகின்றன. 1948 ஜூலை 1 அன்று இருந்த வீடு, அந்நாளில் இருந்த வடிவிலேயே மூல வீடாகக் கொள்ளப்படும். அதன் பின்னர் எழுந்த வீடு, முதலில் கட்டப்பட்ட வடிவில் மூல வீடாகும். 1947 ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் என்பதால் அந்நாள் எல்லையாக அமைந்தது.

பழைய வீடுகளைப் பொறுத்தவரை இவ்வரையறை மிக முக்கியமானது. எடுத்துக்காட்டாக, 1900 இல் கட்டப்பட்ட ஒரு வரிசை வீட்டின் பின்புறம் முழுவதும் 1935 இல் 2 மீட்டர் நீட்டப்பட்டிருந்தால், அப்பகுதி மூல வீட்டில் அடங்கும். அதற்கு அப்பால் மேலும் 3 மீட்டர் நீட்டலாம். அதே பணி 1975 இல் நடந்திருந்தால், 3 மீட்டரில் 2 மீட்டர் ஏற்கனவே செலவாகிவிட்டது. எஞ்சுவது 1 மீட்டர் மட்டுமே. முந்தைய உரிமையாளர் கட்டியது என்பதால் கணக்கு மாறாது.

முக்கிய வரம்புகள்

- ஒரு மாடிப் பின்புற விரிவாக்கம்: தனி வீட்டுக்கு 4 மீட்டர், ஏனையவற்றுக்கு 3 மீட்டர்.
- ஒரு மாடி விரிவாக்கத்தின் உயரம்: 4 மீட்டர்.
- பக்கவாட்டு விரிவாக்கம்: ஒரு மாடி மட்டும், அகலம் மூல வீட்டின் அகலத்தில் பாதிக்கு மேற்படலாகாது.
- மூல வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்கள் இருத்தலாகாது.
- வெளிப்புறப் பொருட்கள், கண்ணாடி அறை தவிர, வீட்டின் தோற்றத்தை ஒத்திருக்க வேண்டும்.

பின்புற வரம்பை முறையே 8, 6 மீட்டர் வரை உயர்த்தும் ஏற்பாடு 2013 இல் தற்காலிகமாக அறிமுகமாகி, 2019 இல் நிரந்தரமானது. இதற்கு மன்றத்திடம் முன்னறிவிப்புச் செய்ய வேண்டும். அண்டை வீட்டாருக்குக் கருத்துக் கூற 21 நாட்கள் வழங்கப்படும். அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தால், பாதிப்பை ஆராய்ந்து மன்றம் முடிவெடுக்கும்.

விதிவிலக்குகள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இவ்வுரிமை இல்லை. பாதுகாப்புப் பகுதிகள், தேசியப் பூங்காக்கள் முதலியவற்றில் பக்கவாட்டு விரிவாக்கத்துக்கு முழு அனுமதி தேவை. பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் தனித்தன்மையைப் பாதிக்கும் பணிகளைத் தனி இசைவின்றிச் செய்வது குற்றமாகும். குறிப்பிட்ட தெருக்களில் மன்றம் தனிக் கட்டளை மூலம் இவ்வுரிமையை நீக்கவும் இயலும்.

சான்றிதழும் பிற சட்டங்களும்

பணி விதிகளுக்கு உட்பட்டது என்பதை உறுதிசெய்யும் சட்டபூர்வ மேம்பாட்டுச் சான்றிதழை மன்றத்திடம் பெறலாம். இது கட்டாயமில்லை எனினும், வீட்டை விற்கும்போது பயன்படும். கட்டுமானப் பாதுகாப்பு விதிகளும், 1996 ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டமும் தனித்துப் பொருந்தும்.

வரம்பு மீறிய கட்டடத்தை இடிக்குமாறு மன்றம் ஆணையிடலாம். இந்நடவடிக்கைக்கான காலவரம்பு முன்னர் 4 ஆண்டுகளாக இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் 10 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. அந்நாளுக்கு முன் பெரும்பாலும் நிறைவடைந்த பணிகளுக்குப் பழைய வரம்பே பொருந்தும்.