சர்க்கரை நோயும் புற்றுநோயும்

"சர்க்கரைதானே, அது இல்லாத வீடு எது?" என்று எங்கள் வளப்பூர் நாட்டுப் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்லக் கேட்கிறோம். புற்றுநோய் என்றாலோ குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஒன்று பழகிப்போன நோய். மற்றொன்று பெயரைச் சொல்லவே அஞ்சும் நோய். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் உறவு உண்டு என்பதைப் பலர் அறியார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து, 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேர் இதனால் பாதிக்கப்பட்டுள்ளனர். ஆகவே இந்த உறவு யாரோ சிலரைப் பற்றிய செய்தியன்று.

2010-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. சர்க்கரை நோயாளிகளுக்குக் கல்லீரல், கணையம், கருப்பையின் உட்சுவர் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று அது கூறியது. பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றிலும் வாய்ப்பு சற்றுக் கூடுதலே. நுரையீரலில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இருமடங்கு என்றதும் திகைக்க வேண்டாம். ஆயிரத்தில் ஐவருக்கு வரும் ஒரு நோய் இருமடங்கானால் பத்துப் பேருக்கு வரும். மீதி 990 பேருக்கு வராது. கணக்குப் பாடம் இங்கேயும் உதவுகிறது!

இந்த உறவு எப்படி ஏற்படுகிறது? நாம் உண்ணும் உணவு குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதைச் செல்களுக்குள் செலுத்துகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், செல்கள் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. கணையமோ மேலும் மேலும் சுரக்கிறது. இன்சுலினுக்கு வேறொரு வேலையும் உண்டு: "வளர், பெருகு" என்று செல்களைத் தூண்டுவது. மரவள்ளிக்கு இட்ட உரத்தைக் களையும் தின்று கொழுப்பதைக் காட்டில் பார்க்கிறோம் அல்லவா? உரம் களையின் விதையை விதைப்பதில்லை. ஏற்கெனவே விழுந்த விதையை வளர்த்துவிடுகிறது. மிகுதியான இன்சுலினும் அவ்வாறே செய்வதாக அறிஞர்கள் கருதுகின்றனர். உடற்பருமனும் உடலுக்குள் ஓயாமல் கனலும் அழற்சியும் இதற்குத் துணை நிற்கின்றன. புகையும் மதுவும் இரண்டு நோய்க்கும் வழி திறப்பவை.

கணையத்தின் கதை மட்டும் சற்று வேறு. அங்கே புற்றுநோய் முதலில் தோன்றி, அதன் விளைவாகச் சர்க்கரை நோய் வருவதும் உண்டு. முதிய வயதில் திடீரெனச் சர்க்கரை கண்டு, காரணமின்றி உடலும் மெலிந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இன்சுலின் ஊசி போட்டால் புற்றுநோய் வரும் என்று பயந்து ஊசியை நிறுத்துவோர் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. 12,500-க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. இன்சுலின் ஊசி போட்டவர்களுக்குப் புற்றுநோய் கூடவில்லை என்பதே அம்முடிவு.

எங்கள் மலையில் முன்பு சாமை, தினை, கேழ்வரகு மிகுதியாக விளைந்தன. பின்னர் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருகியது. வீட்டில் அரிசிச் சோறு நிலைத்தது. சாமைச் சோறு புற்றுநோயைத் தடுக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நார்ச்சத்து மிகுந்த சிறுதானியம், தீட்டிய அரிசியைப் போலச் சர்க்கரையைச் சட்டென ஏற்றுவதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கு வந்து சிறுதானியச் சாகுபடியை மீட்கப் பாடுபட்டதை எங்கள் ஊரார் அறிவர்.

மருந்து இப்போது வீட்டுக்கே வருகிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை தருகிறார்கள். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்தையும் கருப்பை வாயையும் கட்டணமின்றிச் சோதிக்கிறார்கள். ஆனால் கருப்பை வாய் வேறு, உட்சுவர் வேறு. வாயில் வரும் புற்றுநோய்க்குக் காரணம் பெரும்பாலும் ஒரு வைரஸ். சர்க்கரையோடு உறவுடையது உட்சுவரில் வருவதே.

இதை எழுதச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எங்கள் அம்மாக்களும் அத்தைகளும் பாட்டிகளும் இதைப் படிக்க வேண்டும். மாதவிலக்கு முற்றும் நின்ற பின் மீண்டும் சிறிதளவு இரத்தம் பட்டாலும், 'உடம்புச் சூடு' என்று கஷாயம் குடித்துவிட்டு மறைக்கிறவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் அப்படி ஒருநாளும் மறைக்கக் கூடாது. செவிலியரிடமோ மருத்துவரிடமோ அன்றே சொல்ல வேண்டும். அந்த இரத்தக்கசிவு எல்லாருக்கும் புற்றுநோயாக இராது. அப்படியே இருந்தாலும், உட்சுவரை விட்டுப் பரவுமுன் கண்டறிந்து அறுவை செய்தால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.