பியர் சுவைமதிப்பீடு

பியர் சுவைமதிப்பீடு என்பது ஒரு பியரின் தோற்றம், மணம், சுவை, வாயில் உணரப்படும் அடர்த்தி ஆகியவற்றை ஆய்ந்து கூறும் முறையாகும். கைவினை பியர் ஆர்வலர்கள் தாம் அருந்துவதைப் பற்றிக் கருத்துப் பரிமாறிக்கொள்ளும்போது பெரும்பாலும் இம்முறையைக் கையாள்கின்றனர். இந்தியாவில் புனேயின் டூலாலி (2009), பெங்களூரின் டாய்ட் (2010) போன்ற சிறு பியர் ஆலைகள் இத்தகைய பேச்சுக்கு இடமளித்தன.

"நன்றாக உள்ளது" என்னும் கூற்று அருந்தியவரின் விருப்பத்தைக் காட்டுமேயன்றிப் பியரைப் பற்றி ஏதும் கூறாது. இதற்குத் தீர்வாக, 1970களில் மார்டன் மெயில்கார்ட் முதலானோர் மணங்களுக்கும் சுவைகளுக்கும் பொதுப் பெயர்கள் தரும் "சுவைச் சக்கரம்" ஒன்றை வகுத்தனர்.

குறைபாடும் இயல்பும்

பவேரியக் கோதுமை பியரில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் எதிர்பார்க்கப்படுபவை. பழமோ கிராம்போ அதில் சேர்க்கப்படுவதில்லை. முன்னதற்கு ஐசோஅமைல் அசிட்டேட்டும் பின்னதற்கு 4-வினைல் குவையாக்காலும் காரணம். நொதித்தலின்போது இவற்றை உருவாக்குவது ஈஸ்ட் ஆகும். இதே வாழைப்பழ மணம் லாகர் வகையில் மேலோங்கினால் குறைபாடாகக் கருதப்படும். எனவே வகையைக் குறிப்பிடாத கருத்துக்குப் பயன் குறைவு.

வெண்ணெய் மணம் டைஅசிட்டைல் என்னும் சேர்மத்தால் வருவது. நொதித்தலில் தோன்றும் இதனை ஈஸ்ட் பின்னர் உட்கொண்டுவிடும். அதற்குள் அவசரப்பட்டுக் குளிர்வித்தால் மணம் தங்கிவிடும். வெயில் பட்ட பியரின் நாற்றமோ, ஹாப்புப் பூவின் கசப்புப் பொருள்கள் ஒளியில் சிதைவதால் உண்டாவது. பழுப்புக் கண்ணாடி இதனைப் பெரிதும் தடுக்கும். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது.

சிறு ஆலைகளின் பியர் பெரும்பாலும் வடிகட்டப்படுவதில்லை, பாச்சர் முறையில் சூடாக்கப்படுவதுமில்லை. ஆகவே அதன் சுவை ஒவ்வொரு தயாரிப்பிலும் சற்று மாறக்கூடும். ஒரே பெயருள்ள பியரைப் பற்றி இருவர் முரண்பட்டால், இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அருந்திய நாளையும் குறித்து வைப்பது இதனாலேயே.