மாட்டுங்கா வேறு, மாட்டுங்கா ரோடு வேறு

ஊரிலிருந்து முதன்முறையாக மும்பைக்கு வரும் உறவினர்களிடம் நாம் தவறாமல் சொல்லும் எச்சரிக்கை இது. முன்னது மத்திய ரயில்வே. பின்னது மேற்கு ரயில்வே. பெயரை மட்டும் நம்பி இறங்கினால் நடக்க வேண்டியதுதான். இந்தப் பாடத்தை ஒரு கம்ப்யூட்டரும் எனக்குக் கற்பித்தது.

தாராவி 90 அடி சாலையருகே நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் தம்பி ஒருவர் அழைத்தார். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடியது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. விலையில்லாதது என்பதால் அதை வைத்திருந்தார்கள். சிஸ்டத்தைப் புதுப்பித்ததும் நெட்வொர்க் கார்டு வேலை செய்யவில்லை. செம்பூரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்த மாட்யூலைக் கொண்டு போனேன். கெர்னல் ஏற்க மறுத்தது.

"பேரு சரியாத்தானே இருக்கு, அண்ணாச்சி?" என்றார் தம்பி. எனக்கும் அப்படியே பட்டது. கட்டாயப்படுத்தி ஏற்றினேன். திரை அப்படியே நின்றுவிட்டது. அன்று மாலை முழுதும் இரண்டு மாணவிகள் தட்டச்சு செய்த மதிப்பெண் பட்டியல், சேமிக்காததால் போயிற்று. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கெர்னல் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளின் மையப்பகுதி. தேவைப்படும்போது அதனுடன் இணையும் துண்டுகளே மாட்யூல்கள். ஒவ்வொரு மாட்யூலிலும் 'வெர்மாஜிக்' என்ற முத்திரை உண்டு. எந்தக் கெர்னல் பதிப்புக்காக, எந்த அமைப்புகளுடன் கம்பைல் செய்யப்பட்டது என்பதை அது சொல்லும். சில கெர்னல்களில், மாட்யூல் பயன்படுத்தும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனிச் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? ஒரு பதிப்பில் ஐந்தாவது இடத்திலிருந்த விவரம் அடுத்த பதிப்பில் ஏழாவது இடத்துக்குப் போயிருக்கலாம். பழைய மாட்யூலோ ஐந்தாவது இடத்திலேயே எழுதும். அங்கே இப்போது வேறெதுவோ இருக்கும். கட்டாய ஏற்றம் என்பது இந்தச் சோதனையையே தள்ளி வைப்பது.

பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். 'மோட்இன்ஃபோ' கட்டளை மாட்யூலின் முத்திரையைக் காட்டும். 'யூநேம் -ஆர்' ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பைக் காட்டும். மறுத்த காரணத்தை 'டிமெசேஜ்' கட்டளையில் படிக்கலாம். பதிப்பு ஒத்துப்போகாவிட்டால், ஓடும் கெர்னலுக்கே மறுபடி கம்பைல் செய்வதுதான் முறை.

அடுத்த ஞாயிறு அந்தக் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்தேன். கார்டு உடனே வேலை செய்தது. பட்டியலை இம்முறை நானே தட்டச்சு செய்தேன். அந்த இரு மாணவிகளும் அருகில் உட்கார்ந்து மதிப்பெண்களை வாசித்தார்கள், பத்துப் பெயருக்கு ஒருமுறை, "சேவ் பண்ணுங்க, அங்கிள்!" என்றார்கள்.