உச்சிச் சுவடும் ஒருவன் ஐயமும்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியே நல்லதண்ணி சென்று, தேயிலை மலைகளைக் கடந்து ஏறுவோர் அடைவது சிவனொளிபாதமலை. உயரம் 2243 மீட்டர். அதன் உச்சியிலுள்ள பாதச்சுவடு சிவபெருமானுடையது என்பர் சைவர். புத்தர்பிரானுடையது என்பர் பௌத்தர். முதல் மனிதர் ஆதமுடையது என்பர் முஸ்லிம்கள்.

இவர்கள் நடுவே ஒருவன், "யாருடையதென்று அறிய வழி காணேன்" என்றால் அவன் நாத்திகனா? அல்லன். நாத்திகன் இல்லையென்று முடித்தவன். இவனோ எப்பக்கம் முடிக்கவும் சான்று போதாது என்பவன். கடவுளைப் பற்றியும் இவ்வாறே நிற்பதுதான் அறியொணாக் கொள்கை. 1869இல் அதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் விலங்கியலறிஞர் தோமஸ் ஹக்ஸ்லி. அவர் அதனைச் சமயமாகக் கொள்ளவில்லை. ஆராயும் முறையாகவே கொண்டார்.

இதனைச் சோம்பல் என்பாருமுண்டு. லயத்து அறையில் பிள்ளை காய்ச்சலாய்க் கிடக்கும் இரவை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். தாய் மாரியம்மனை வேண்டி மஞ்சள் துணியில் காசு முடிகிறாள். அவளுக்கு ஒரு பற்றுக்கோடு உண்டு. அறியேன் என்னும் தந்தைக்கோ, உண்டென்னும் ஆறுதலுமில்லை, இல்லையென்னும் துணிவுமில்லை. அவன் மருந்தை வேளை தவறாது கொடுத்து விழித்திருக்கிறான். அவள் முடிந்த காசை அவிழ்க்கச் சொல்வதுமில்லை.