கோழிகள் கற்பித்த ஆராய்ச்சி நெறி

ஆராய்ச்சி என்றதும் பல்கலைக்கழகம் புகும் மாணவர் பலர் விலையுயர்ந்த கருவிகளையே நினைக்கின்றனர். கருவிக்கு முற்பட்டது வினா.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியா நகரில், ஒல்லாந்த மருத்துவர் எய்க்மன் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். அதற்குக் காரணம் கிருமியே என்பது அவர் கருதுகோள். கிருமி ஏற்றிய கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. ஏற்றாத கோழிகளும் வீழ்ந்தன. சில மாதங்களில் நோய் தானே நீங்கிற்று.

காரணம் யாது? மருத்துவமனையில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை உண்ட காலத்திலேயே கோழிகள் நோயுற்றன. புதிய சமையற்காரர் அச்சோற்றைக் கொடுக்க மறுத்தார், தீவனம் மாறியது, நோயும் மறைந்தது. எய்க்மன் இதனைத் தற்செயலென்று தள்ளிவிடவில்லை. தீட்டிய அரிசியையும் தீட்டாத அரிசியையும் வெவ்வேறாக ஊட்டி ஒப்பிட்டார்.

கோழிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா? யாவாவின் 101 சிறைச்சாலைகளின் விவரங்களை வோர்டர்மன் திரட்டினார். தீட்டிய அரிசி உண்டோரில் ஏறத்தாழ 39 பேருக்கு ஒருவரும், தீட்டாதது உண்டோரில் 10,000 பேருக்கு ஒருவரும் நோயுற்றமை 1897இல் வெளிப்பட்டது.

அரிசியில் நஞ்சுண்டு, தவிடு அதனை முறிக்கிறது என்றார் எய்க்மன். அது பிழை. தீட்டும்போது இன்றியமையாத சத்தொன்று நீங்குகிறது என 1901இல் கிறைன்ஸ் விளக்கினார். அச்சத்தே இன்று விற்றமின் பி1 எனப்படுகிறது. எனினும் 1929இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் எய்க்மனும் ஒருவர்.

நோக்கல், கருதுகோள், ஒப்பீட்டுச் சோதனை, பிறர் சரிபார்த்தல் ஆகிய நான்கும் இக்கதையில் உள. மாணவர்களே, உங்கள் கருத்தைச் சான்று மறுக்கும் நாளில் அதனைக் கைவிடத் துணியுங்கள். அன்றே நீங்கள் ஆராய்ச்சியாளர் ஆவீர்கள்.