எஞ்சினின் மூச்சுக்குழல்

நம் மடத்து அம்பாசிடர் காரை அறியாதவர் இப்பள்ளியில் யாரும் இரார். வெள்ளை நிறம், பெட்ரோல் வண்டி, எங்களைவிட வயதில் மூத்தது. சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்குச் சில வாரங்கள் இருக்கையில் அதன் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. வண்டி பட்டறைக்குப் போயிற்று. பதினோராம் வகுப்பில் இயற்பியல் பயிலும் நாங்கள் ஐவரும் எங்கள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டருடன் அதைப் பார்க்கப் போனோம். கண்காட்சிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு பொருள் அங்கேதான் கிடைத்தது.

கழற்றி மேசைமேல் வைத்திருந்த சிலிண்டர் ஹெட்டை முதன்முதலாக அன்று கண்டோம். கரி படிந்த கனத்த இரும்புப் பாளம். கவிழ்த்தால் நான்கு குழிகள் தெரிகின்றன, இவைதாம் எரியறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வால்வுகள்: ஒன்று பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருவதற்கு, மற்றது புகை வெளியேறுவதற்கு. ஹெட்டின் பக்கவாட்டில் பார்த்தால் எட்டு வால்வுகளுக்கு ஐந்து துளைகளே உள்ளன. உள்ளே வரும் வழிகள் இரண்டு, அவை ஒவ்வொன்றும் இரண்டிரண்டு சிலிண்டருக்குப் பொது. வெளியேறும் வழிகள் மூன்று. இந்த வழிகளைத்தான் மெக்கானிக்குகள் போர்ட்டு என்கிறார்கள்.

எங்களுக்கு உடனே ஒரு யோசனை பிறந்தது. மேட்டுத் தெரு ஏற்றத்தில் நம் வண்டி படும் பாட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூச்சு வாங்கும் துளையைப் பெரிதாக்கினால் அதிகக் காற்று போகும், அதிகப் பெட்ரோல் எரியும், இழுவை கூடும் அல்லவா? ஹெட்டு எப்படியும் வெளியே இருக்கிறது. இதை மதரிடம் சொல்லி, அவர்களும் பாதி மனதாக, "சிஸ்டர் சரி என்றால் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மறுத்தவர் பட்டறை அண்ணாச்சிதான். "எம்மா, அரைச்சு எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவா முடியும்? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணி ஓடுது பாத்துக்கிடுங்க. ஓட்டை விழுந்தா ஹெட்டு காயலான் கடைக்குத்தான்" என்றார். சிஸ்டரோ இருவர் பக்கமும் சேரவில்லை. "காயலான் கடையிலிருந்தே ஒரு ஹெட்டு வாங்கி வாருங்கள். அதில் செய்து காட்டுங்கள். அப்புறம் மதர் வண்டியைத் தொடலாம்" என்றார்கள்.

செய்ததைச் சொல்லுமுன் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய 73 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 89 மி.மீ. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஓர் உறிஞ்சும் வீச்சுக்குக் கிடைப்பது ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் சிலிண்டர் நிரம்பியாக வேண்டும். போர்ட்டின் விட்டம் 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதனுள் காற்று சராசரியாக மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. புயற்காற்றுதான்! அதே துளையை 36 மி.மீ. ஆக்கினால் பரப்பு கூடுகிறது, வேகம் மணிக்கு 130 கிலோமீட்டராக விழுகிறது. பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் மாறாத எண் வரும் என்று வகுப்பில் படித்தோமே, அதேதான்.

வேகம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். காற்றுக்கும் எடை உண்டு. ஓடுகிற பேருந்து பிரேக் போட்டவுடன் நிற்பதில்லை. அதுபோல ஓடுகிற காற்றும் பிஸ்டன் கீழே போய்த் திரும்பிய பிறகும் சற்று நேரம் உள்ளே நெருக்கிக்கொண்டே இருக்கிறது. அதற்காகவே உள்வால்வு சிறிது தாமதித்து மூடுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. பெரிய துளையில் சோம்பி வரும் காற்றுக்கு இந்த உந்துதல் போதாது. மெதுவாக ஓடும்போது ஏறும் பிஸ்டன் வந்த காற்றையே திருப்பித் தள்ளிவிடும். பந்தய வண்டி எப்போதும் மிகு வேகத்தில் சுழல்வதால் அதற்குப் பெரிய துளை ஒத்துப்போகலாம். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகும் மடத்து வண்டிக்கு அது இருந்த இழுவையையும் கெடுக்கும். இது எங்களுக்கு அப்போது தெரியாது.

காயலான் கடை ஹெட்டில் ஓர் உள்போர்ட்டை அண்ணாச்சியின் கை கிரைண்டரால் அரைத்துப் பெரிதாக்கினோம். மற்றதை அப்படியே விட்டோம். ஹெட்டின் கீழே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்து, அடியில் வாக்குவம் கிளீனரை மாட்டினோம். நடுவில் U வடிவக் குழாயில் நிறம் சேர்த்த தண்ணீர். காற்று தாராளமாகப் போனால் இரு பக்க நீர்மட்ட வேறுபாடு குறையும், திணறினால் கூடும். வால்வை ஒரு போல்ட்டைத் திருகித் திருகி மில்லிமீட்டர் கணக்கில் திறந்தோம்.

வால்வு 2 மி.மீ. திறந்தபோது இரு போர்ட்டுகளுக்கும் வேறுபாடே இல்லை. 4 மி.மீ. திறந்தபோதும் இல்லை. இரண்டு சனிக்கிழமைகள் அரைத்த அரைப்பு வீணா என்று எங்களில் ஒருத்தி அழுதேவிட்டாள். முழுதும் திறந்தபோதுதான் அரைத்த பக்கம் கொஞ்சம் அதிகக் காற்று போயிற்று. காரணம் எளியது. வால்வு சிறிதே திறந்திருக்கும்போது காற்றுக்கு இறுக்கமான இடம் வால்வின் விளிம்பைச் சுற்றியுள்ள வளைய இடுக்கு; போர்ட்டு எவ்வளவு அகன்றிருந்தாலும் பயனில்லை. அந்த இடுக்கின் பரப்பு வால்வுத் துளையின் பரப்புக்குச் சமமாவது, வால்வு தன் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு திறக்கும்போதுதான். 36 மி.மீ. வால்வுக்கு 9 மி.மீ. தோழியர் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வட்டத்தின் சுற்றளவும் பரப்பும் தெரிந்தால் போதும்.

அடுத்துத்தான் சுவையான பகுதி. குழாயின் உள்ளே தகரத்தால் ஒரு சிறு காற்றாடியைத் தொங்கவிட்டோம், காற்று சுழன்று வருகிறதா என்று பார்க்க. அது விர்ரென்று சுற்றியது. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இதழ்களை முறுக்கி வைத்திருக்கிறீர்களே, நேராக வரும் காற்றுக்கும் இது சுற்றுமே" என்றார்கள். வெட்கத்துடன் இதழ்களை நேராக்கினோம். இப்போது காற்று சுழன்றால் மட்டுமே அது சுற்றும். அரைக்காத பக்கம் வைத்தபோது நன்றாகச் சுற்றியது. அரைத்த பக்கம் வைத்தபோது எதிர்த் திசையில் (இரு பக்கங்களும் கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்தவை) சோம்பலாகச் சுற்றியது. காற்றைக் கொஞ்சம் கூட்டினோம், சுழற்சியைப் பெரிதும் இழந்தோம்.

சுழற்சி எதற்கு? அசையாத பெட்ரோல்-காற்றுக் கலவையில் தீ விநாடிக்கு அரை மீட்டர் அளவே பரவும். தீப்பொறியிலிருந்து எரியறையின் கடைசி மூலை 60 மி.மீ. என்றால், போய்ச் சேர 0.12 விநாடி ஆகும். 3000 சுற்றில் ஓடும் எஞ்சின் அதற்குள் ஆறு சுற்று சுற்றிவிடும்! எரிந்த வாயு விரிந்து தீயைத் தள்ளுவதைச் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு ஒத்துவராது. எஞ்சின் ஓடுவதே உள்ளே கலவை கலங்கிச் சுழல்வதால்தான். கலங்கிய காற்று தீயின் முகப்பைச் சுருக்கிக் கசக்கிக் கிழித்துப் பரப்புகிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முன் ஆங்கில நாட்டில் டூகல்ட் கிளார்க் என்பவர் இதைச் சோதித்தார். வால்வுகளை மூடியே வைத்து, அடைபட்ட கலவையைப் பலமுறை அமுக்கி விரித்து, கலக்கம் அடங்கியபின் தீ வைத்தார். அதே கலவை மிக மெதுவாக எரிந்தது. பின்னர் ஹாரி ரிக்கார்டோ இதையே அடிப்படையாக வைத்து, 1919-ல் கலக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கும் ஹெட்டை அமைத்தார்.

நம் அம்பாசிடரின் ஹெட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு எரியறையும் இதய வடிவில் இருக்கும். இரு வால்வுகளுக்கும் நடுவே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை நாங்கள் வார்ப்பில் வந்த பிழை என்று நினைத்து, காயலான் கடை ஹெட்டில் பாதி தேய்த்தும் விட்டோம். பிழையன்று. 1897-ல் எக்ஸெட்டரில் பிறந்து, 1978-ல் மறைந்த ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயரின் கைவண்ணம் அது. உள்ளே வரும் கலவையைத் திருப்பிவிடவே அந்த மூக்கு. 1950-களின் இறுதி தொடங்கி 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர், தன் நெடிய வாழ்வில் பெரும்பகுதியை இங்கிலாந்தில் பிறந்த இந்த எஞ்சினைக் கொண்டே ஓடியது.

வெஸ்லேக், ஹெட்டின் வழியே காற்றைச் செலுத்தி அளந்து பார்த்துத் திருத்தும் முறையை 1920-களிலேயே கையாண்டவர். 1948-ல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினின் ஹெட்டும் அவர் கைபட்டதே. அதில் உள்போர்ட்டு நேராக வராமல் சற்று வளைந்து வருகிறது. அந்த வளைவே சிலிண்டருக்குள் காற்றைச் சுழற்றிவிடுகிறது. 3442 சி.சி. கொண்டு 160 குதிரைத்திறன் என்பது அக்காலத்தில் வியப்பு. 1951-லும் 1953-லும் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது அந்த எஞ்சினே.

சுழற்சியில் இருவகை உண்டு என்று பின்னர் அறிந்தோம். தயிர் கடையும்போது மத்தைச் சுற்றித் தயிர் சுழல்வது போன்றது ஒன்று. உருண்டோடும் பீப்பாய்போலத் தலைகீழாகப் புரள்வது மற்றொன்று. கீத் டக்வொர்த் என்பவர் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்து, அவற்றைக் குறுகிய கோணத்தில் நிறுத்தி, போர்ட்டுகளைப் பெரிதாக்காமல் செங்குத்தாக்கி அமைத்த பந்தய எஞ்சின் இரண்டாம் வகைக்குப் பேர்போனது. 1967 ஜூன் 4 அன்று ஹாலந்து நாட்டுக் கிராண்ட் பிரீயில், தான் ஓடிய முதல் பந்தயத்திலேயே அது வென்றது. டீசல் வண்டிகளில் சுழற்சி இன்னும் இன்றியமையாதது. பீய்ச்சப்படும் எண்ணெய்த் துளிகள் காற்றைத் தேடிப் போக நேரமில்லை, காற்றுதான் துளிகளைத் தேடி வர வேண்டும். ஆதலால் பல டீசல் எஞ்சின்களில் போர்ட்டே சங்குபோல் சுருண்டிருக்கும்.

கண்காட்சி நாளில் பெற்றோர் ஒருவர், "பெண்பிள்ளைகளுக்கு இஞ்சின் வேலை எதுக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சிஸ்டர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற அம்மையாரின் கதையைச் சொன்னார்கள். 1909-ல் பிறந்தவர், பதினான்கு வயதில் சொந்த மோட்டார் சைக்கிள் வாங்கியவர், மான்செஸ்டரில் பொறியியல் படித்தவர். 1934-ல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நார்ட்டன் வண்டியில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் தலைகுப்புறப் பாயும்போது எஞ்சின் திணறி நின்றது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவுமீறி வெள்ளமாய்ப் புகுந்ததே காரணம். நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோக வில்லையால், 1941-ல் அந்தத் தொல்லையைப் பெரிதும் தணித்தார் இவ்வம்மையார். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டுமோ அவ்வளவுக்கே துளை! கேட்ட பெரியவர் அதன்பின் எங்கள் மேசையருகே நெடுநேரம் நின்று, வால்வைத் தாமே திருகித் திருகிப் பார்த்தார்.

மடத்து வண்டிக்கு வருவோம். போர்ட்டை அரைக்கவில்லை, மதரிடம் நாங்களே போய் வேண்டாம் என்று சொன்னோம். அண்ணாச்சி கரியைச் சுரண்டி, வால்வு சீட்டுகளை ஒரே கோணத்தில் வெட்டாமல் அடுத்தடுத்து மூன்று கோணங்களில் வெட்டினார். காற்று முனையில் முட்டாமல் வழுக்கித் திரும்புவதற்கு அது. இதை அவர் முதலில் காயலான் கடை ஹெட்டில் செய்து காட்டியபோது, 2 மி.மீ. திறப்பிலேயே நீர்மட்டம் மாறியதைக் கண்டோம். நாங்கள் இரண்டு சனிக்கிழமை அரைத்தும் பெறாததை அவர் அரைமணியில் பெற்றார். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு வழியில் துருத்தி நின்றது. அதை மட்டும் கேஸ்கட்டின் அளவுக்குச் சமப்படுத்தினார். உள்வழியைக் கண்ணாடிபோல் மெருகிடட்டுமா என்று எமரித்தாளுடன் நின்ற எங்களைத் தடுத்துவிட்டார். வழவழப்பான சுவரில் பெட்ரோல் படலமாக ஒட்டிக்கொள்ளுமாம், கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் துளிகளாகக் காற்றோடு போகுமாம். புகைவழிக்கு மெருகு நல்லது, அங்கே கரி ஒட்டாது என்றார்.

ஹெட்டைப் பூட்டிய மறுநாள் மதரும் சிஸ்டரும் எங்களில் இருவரும் அதில் ஏறி மேட்டுத் தெருவுக்குப் போனோம். இரண்டாம் கியரிலேயே ஏறிற்று, முன்போல முனகவில்லை. கரி நீங்கியதாலா, சீட்டு வெட்டியதாலா என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் அளவு ஏதும் இல்லை. காயலான் கடை ஹெட்டும் குழாயும் இயற்பியல் ஆய்வகத்தில் ஜன்னலோரம் இருக்கின்றன. களிமண் காய்ந்து வெடித்துக் காற்று கசிகிறது. அடுத்த ஆண்டு எடுப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.